வெயிலில் கொக்கு வெளிறாமல் இருக்க

நல்ல வெயிலில் ஏரிக்கரையில் கொக்கைப் படம் எடுத்தால் உடம்பு முழுக்க ஒரே வெள்ளைத் திட்டாக வரும், இறகு ஒன்றும் தெரியாது. சுற்றியுள்ள கருத்த தண்ணீரைப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று கேமரா தானே கூட்டிவிடுகிறது. அதனால் அளவுகளை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறினேன்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/2500 நொடி. கொக்கு பறந்து இருண்ட மரங்களுக்கு முன்னால் போனாலும் அதன் மேல் விழுவது அதே வெயில்தான், எதையும் மாற்ற வேண்டாம், இதுதான் பெரிய நிம்மதி. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் கழுத்தோரத்து மெல்லிய இறகுகூடத் தனித்தனியாகத் தெரியும். கருப்பான நீர்க்காகம் வந்தால் மட்டும், கூடுதல் வெளிச்சம் கிடைக்க ஷட்டரை 1/1000க்கு இறக்குவேன். அப்புறம், தூரத்துப் பறவை கலங்கலாக விழுந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், அது சூடேறிய காற்றின் அலைவு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.