சென்ட்ரலுக்குப் போகும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

செயலியில் ‘தர்மபுரி – சென்னை’ என்று தேடி ஏமாறாதீர்கள். தர்மபுரி ஸ்டேஷன் சேலம் – ஓசூர் – பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னை ரயில் பிடிக்க மொரப்பூர்தான் போகணும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ஸ்டேஷனே கிடையாது. பர்கூர், திருப்பத்தூர் வழியாக பஸ்ஸில் ஜோலார்பேட்டை போங்கள். சேலம், பெங்களூரு இரண்டு பக்க ரயிலும் அங்கே வந்து சேரும்.

டிக்கெட் போடும்போது ஸ்டேஷன் குறியீட்டைப் பாருங்கள். சென்ட்ரல் எம்.ஏ.எஸ்., எழும்பூர் எம்.எஸ். ஓர் எழுத்துதான் வித்தியாசம். எழும்பூரிலிருந்து சேலம் போகும் ரயில் விருத்தாசலம், ஆத்தூர் வழியாகப் போகும். மொரப்பூர் பக்கமே வராது.

ராத்திரி ரயிலில் தேதி முக்கியம். 12 மணிக்கு மேல் ஏறினால் பயணத் தேதி மறுநாள். ஆனால் தட்கல், ரயில் கிளம்பும் ஊரின் தேதிக்கு முந்தைய நாள் திறக்கும்: ஏ.சி.க்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. இதைக் குழப்பிக்கொண்டால் ரயில் போன மறுநாள் ராத்திரி பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

சென்னைக்குள் நுழைந்ததும் பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடும். உள்ளே பிளாட்பாரம் காலியாகணுமே. ஊர் வந்துவிட்டதென்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பக்கத்து லைனில் வண்டி வரும்.

1873-இல் திறந்த சென்ட்ரலில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதனால் எந்த பிளாட்பாரத்திலிருந்தும் படியேறாமல் நேராக வெளியே வரலாம். ஜி.எச்.சுக்கு நோயாளியைக் கூட்டி வருபவர்களுக்கு இது பெரிய உதவி. நடைதான் அதிகம்: 24 பெட்டி வண்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல். வரும்போது எஞ்சின் பக்கப் பெட்டி வாசலுக்குக் கிட்டே நிற்கும். ஊர் திரும்பும்போது நேர்மாறு, எஞ்சின் பக்கப் பெட்டிதான் கடைசித் தொலைவு. கையில் மூட்டை இருந்தால் அரை மணி முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவே ‘2ஏ’ என்று ஒரு பிளாட்பாரம் உண்டு. போர்டில் அது வந்தால் 2-இல் போய் நிற்காதீர்கள்.

ஜி.எச். எதிரிலேயே இருக்கிறது. ரோட்டைத் தாண்டாமல் சுரங்கப்பாதையில் போங்கள். ஹைகோர்ட்டுக்கு மெட்ரோ நீல லைனில் அடுத்த ஸ்டேஷன். கோயம்பேட்டுக்கும் எழும்பூருக்கும் பச்சை லைன். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். தாம்பரம் பக்கம் போகிறவர்கள் ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ஏறணும். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டிகள் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும்.

பையை க்ளோக் ரூமில் போடுவதானால் ஊரிலேயே பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள்; கட்டைப்பைக்கும் அதே கதிதான்.