முதலீட்டு வங்கியில் டெக் இன்டர்ன்ஷிப்: மில் கொப்பியில் இருந்து தொடங்குங்கள்

லண்டனில் ஒரு முதலீட்டு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் ஒன்பது கிழமை இன்டர்னாக இருந்துவிட்டுப் போன கிழமைதான் ஒட்டுசுட்டானுக்கு வந்தேன். வந்த நாள் தொடக்கம், கிளிநொச்சி அறிவியல்நகர் கம்பஸில் படிக்கிற மச்சான்மார், வவுனியாவில் படிக்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சி என்று ஆளுக்கு ஆள் வந்து கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ஷெயார் மார்க்கெட் எல்லாம் தெரிஞ்சிருக்க வேணுமோ?" தேவையில்லை. இரண்டு கொப்பியை ஒத்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதியை எழுதுகிறேன்.

அப்பாவின் அரிசி மில்லில் இரண்டு கணக்கு இருக்கும். எங்கள் கொப்பியில் ஒன்று, நெல்லுக் கொண்டு வந்தவர் கையில் இருக்கிற துண்டில் இன்னொன்று. மூட்டை எண்ணிக்கையோ நிறையோ ஒத்துவராவிட்டால் அன்றைக்குச் சண்டை. வங்கியிலும் இதேதான், அளவுதான் பெரிது. ஒருவர் பங்கு வாங்குவது ஒரு நொடி வேலை. அதற்குப் பிறகு வாங்கினவர் கணக்கும் விற்றவர் கணக்கும் ஒத்துவந்து, காசு ஒரு பக்கமும் பங்கு மறுபக்கமும் கைமாற வேண்டும். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் இது வியாபாரம் நடந்த அடுத்த வேலைநாளுக்குள் முடிய வேண்டும், முன்பு இரண்டு நாள் இருந்தது. இதே மாற்றத்துக்குப் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2027 ஒக்டோபர் 11-ஐக் குறித்து வைத்திருக்கின்றன. ஒரு நாள் குறைந்தால் பிழை பிடிக்கிற நேரமும் குறைகிறது அல்லவா, அதனால்தான் இன்டர்ன் பெடியளின் தலையிலும் இந்த ஒத்துப்பார்க்கிற வேலை வந்து விழுகிறது.

சரி, விண்ணப்பம். லண்டன் வங்கிகள் கோடைகால இன்டர்ன்ஷிப்பைப் பெரும்பாலும் கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மாணவர்களுக்குத்தான் கொடுக்கின்றன. வேலை ஜூனில் தொடங்கினாலும் விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே திறந்துவிடும். கடைசித் திகதி என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். வர வரப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டே போகிறவர்கள் பலர், திகதி வரும்போது இடம் இருக்காது. பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிக்கிறவர்கள் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் விடுமுறைத் திகதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

சீவியில் என்ன போடுவது என்று எல்லோரும் மண்டையை உடைக்கிறார்கள். யூடியூப் பார்த்துச் செய்த காலநிலை ஆப் எல்லாரிடமும் இருக்கிறது. நான் மில்லுக்கு எழுதின சின்னப் புரோகிராமைப் போட்டேன். மூட்டை, நிறை, ஈரத்துக்குக் கழிக்கிறது, கொடுக்க வேண்டிய காசு, அவ்வளவுதான். நேர்முகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அதையே கிண்டினார்கள். "உங்கள் அப்பாவும் தம்பியும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் கணக்கைத் திருத்தினால் என்ன நடக்கும்?" ஒரு நாள் உண்மையாகவே அப்படி நடந்து, தம்பி போட்ட நாலு மூட்டை காணாமல் போனதால் எனக்குப் பதில் கையில் இருந்தது. உங்கள் வீட்டில் மில் இல்லாவிட்டால் சங்கக்கடை இருக்கும், பால் சேகரிக்கிற இடம் இருக்கும், கோயில் திருவிழாக் கணக்கு இருக்கும். யாராவது ஒருவர் உண்மையாகப் பாவிக்கிற ஒன்றைச் செய்யுங்கள்.

காசுக் கணக்குக்கு மிதவைப் புள்ளி எண் (தசமத்தைக் கணினி கிட்டத்தட்ட மட்டும் வைத்திருக்கிற வகை, float) பாவிக்காதீர்கள். பைதன் கணினி மொழியில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். தசமத்தை அப்படியே வைத்திருக்கிற டெசிமல் வகையைப் பாவியுங்கள். எல்லாக் காசுக்கும் இரண்டு தசமம் என்றும் நினைக்காதீர்கள், யென்னுக்குத் தசமமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று. நேர்முகத்தில் இதை நீங்களாகச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்லைன் கோடிங் டெஸ்டுக்கு ஹாக்கர்ராங்க் என்ற பயிற்சித் தளத்தில் இரண்டு மாதம் ஒழுங்காகப் பழகினால் போதும். எனக்குக் கஷ்டமாக இருந்தது வீடியோ நேர்முகம்தான். ஆள் இருக்காது, திரையில் கேள்வி வரும், யோசிக்கக் கொஞ்ச நேரம், பிறகு கமராவைப் பார்த்துக் கதைக்க வேண்டும். நான் அப்போதும் விடுமுறைக்கு வீட்டில் நின்றேன். பின்னேரம் ஐந்து மணிக்கு, குழுவாக வேலை செய்த அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வளவுக்குள் நின்ற மயில் அகவத் தொடங்கிவிட்டது, அதுவும் ஒன்றில்லை, மூன்று. திரும்பப் பதிய விடமாட்டார்கள். "மன்னிக்கவும், அது மயில்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். நீங்கள் மத்தியான நேரத்தில், கரண்டும் சிக்னலும் நிச்சயமாக இருக்கிற இடத்தில் செய்யுங்கள், போனில் டேட்டாவும் போட்டு வையுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்றால் முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தெந்த சிஸ்டத்துக்கு அனுமதி வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அன்றைக்கே எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர், இருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், நாட்கணக்கில் இழுபடும். அப்புறம், யூஎஸ்பி வேலை செய்யாது, எழுதின புரோகிராமை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடாது, திரையைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது (மாமி கேட்பார், கொடுக்காதீர்கள்). உங்கள் பெயரில் பங்குக் கணக்கு இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.

புரோகிராமில் ஒரு வரியை மாற்ற இத்தனை பேர் கையெழுத்தா என்று எரிச்சல் வரும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் புதிய புரோகிராமை எட்டு சேர்வர்களில் ஏழில் மட்டும் போட்டார்கள், எட்டாவதில் பழையது ஓடியது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலர் அளவு போய்விட்டது. இதைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கையெழுத்துகள் மேல் கோபம் வரவில்லை.

இப்போது நான் ஒரு பிழையை மூன்று நாள் தேடிய கதை. என் புரொஜெக்ட், இரண்டு சிஸ்டத்தில் இருக்கிற வியாபாரப் பதிவுகளை ஒத்துப் பார்த்து, பொருந்தாதவற்றைக் காட்டுகிற ஒரு பக்கம். டோக்கியோப் பதிவுகளில் ஒரு பெரிய கூட்டம் பொருந்தவே இல்லை, திகதி ஒரு நாள் பின்னுக்கு நின்றது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு நடந்தவை மட்டும் சரி. என் புரோகிராமில்தான் பிழை என்று மூன்று நாள் அதையே திருப்பித் திருப்பி எழுதினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் "இவ்வளவு நேரமும் எங்கே பராக்குப் பார்த்தாய்" என்று வாங்கிய பழக்கம். நாலாம் நாள் சீனியர் ஒருவரிடம் காட்டினேன், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "இது யாருடைய நேரம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு சிஸ்டம் நியூயோர்க் நேரத்தில் முத்திரை போட்டிருக்கிறது. கோடைகாலத்தில் டோக்கியோ நியூயோர்க்கை விடப் பதின்மூன்று மணித்தியாலம் முன்னுக்கு. டோக்கியோவில் ஒரு மணி ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு தாண்டுகிறது.

அன்றிரவு அம்மாவுக்குப் போனில் சொன்னேன், அவர் சிரித்தார். "இதென்ன புதுசே? நாங்கள் அந்தக் காலத்தில ஓமந்தை தாண்டினால் மணிக்கூட்ட அரை மணித்தியாலம் மாத்திறனாங்கள். எங்கட நேரமோ அவையின்ர நேரமோ எண்டு கேக்காமல் ஒரு அலுவலும் பாக்கேலாது." உண்மைதான். 1996-இல் கொழும்பு கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது, அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி தள்ளவில்லை, ஓமந்தை இரண்டுக்கும் இடையில் இருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே நாட்டில் இரண்டு நேரம். உலகக் கணினிகள் பாவிக்கிற நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்புக்குக் கீழே அந்த மாற்றங்கள் எல்லாம் இன்றைக்கும் வரிசையாக இருக்கின்றன. என் வீட்டில் தெரிந்த விஷயத்தை நான் லண்டனில் மூன்று நாள் தேடியிருக்கிறேன்.

ஆகவே என் கணக்கு இது: அரை மணித்தியாலம் தனியே முயலுங்கள், பிறகு "இதுவரை இதைப் பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன்" என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள், மூன்று நாளும் வைத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டில் படிக்காதவர்களுக்கு ஒன்று. கொழும்புக்குப் பக்கத்தில் மாலபேயில் இருந்த மில்லேனியம்ஐடி என்ற மென்பொருள் நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009-இல் வாங்கி, 2011-இல் தன் பங்கு வியாபாரத்தையே அவர்கள் எழுதின மென்பொருளுக்கு மாற்றியது. அது முதலீட்டு வங்கி இல்லை, சந்தையை ஓட்டுகிற பக்கம். ஆனால் படிக்கிற விஷயம் கிட்டத்தட்ட ஒன்று, கிளிநொச்சியில் இருந்து ஒரு இரவு பஸ் தூரம். பட்டப்படிப்பில் வருகிற கைத்தொழில் பயிற்சிக்கு (இன்டஸ்ட்ரியல் ட்ரெயினிங்) விண்ணப்பிக்கும்போது அந்தத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

கடைசிக் கிழமையில் பத்து நிமிடப் பிரசன்டேஷன் இருக்கும். படம் கீறிக் குவிக்காதீர்கள், ஒரு பதிவை எடுத்து அது எப்படிப் பொருந்தாமல் போனது, எப்படிப் பிடிபட்டது என்று காட்டுங்கள். நான் டோக்கியோவைத்தான் காட்டினேன், மூன்று நாள் பிழைவிட்டதையும் சேர்த்து. கடைசி நாள் பின்னேரம் உங்கள் அட்டையும் கணக்கும் நின்றுவிடும், பிறகு ஒருவரின் தொடர்பும் எடுக்க முடியாது. அதனால் அதற்கு முந்தைய நாள் மத்தியானமே, தொடர்பில் இருக்க விரும்புகிறவர்களிடம் நேரே போய்க் கேட்டு வாங்கி, உங்கள் சொந்தக் கொப்பியில் பேனாவால் எழுதி வையுங்கள்.