பொங்கல் டிக்கெட்டிலேயே முன்கூட்டி ஊருக்கு

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தம்பி சொன்னபோது சிங்கப்பூரில் இரவு 11 மணி, ஊரில் எட்டரை. கையில் திருச்சிக்குப் போய்த் திரும்ப எடுத்த பொங்கல் டிக்கெட். பயணத்துக்கு இன்னும் 9 நாள். ஏஜென்ட் மூலம் எடுத்தது, அவரோ போனை எடுக்கவில்லை.

சரி, ஒருவழி டிக்கெட் புதிதாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அறையில் இருந்த அண்ணன் தடுத்தார். “போற பயணத்தை விட்டுட்டா, திரும்பி வர்ற டிக்கெட்டும் ரத்தாயிடும் தம்பி. தேதியை மாத்து.” அந்த நேரத்தில் அவர் இருந்தது பெரிய துணை.

டாக்சி பிடித்து சாங்கி விமான நிலையத்துக்கே போனேன். கவுண்டரில் டிக்கெட்டில் இருந்த பிஎன்ஆர் என்ற பதிவு எண்ணைக் காட்டியதும், மாற்றுக் கட்டணத்தோடு விலை வித்தியாசத்தையும் வாங்கிக்கொண்டு காலை விமானத்தில் இடம் தந்தார்கள். திரும்பும் தேதி மாறவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மதியம் அப்பாவின் கையைப் பிடித்தேன். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. “பொங்கலுக்குத்தானே வர்றேன்னே?” என்றார்.