வேண்டாத சேல்ஸ் மெயில்: ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது, நம் பங்கு என்ன

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மெயில், நெட்வொர்க் வேலைகளைக் கவனிக்கிறேன். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "ஸ்பேமைத் தடுக்க ஃபில்டர் இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் இது எப்படி சார் இன்பாக்ஸுக்கு வருது?"

'இது' என்பது பெரும்பாலும் "உங்கள் இணையதளத்தை கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்" வகை மெயில். கண்காட்சி முடிந்த கையோடு, அங்கே வந்தவர்களின் முகவரிப் பட்டியலை விலை பேசி வருவதும் உண்டு. பதில் போடாமல் விட்டால், "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?" என்று சில நாளில் மறுபடி வரும். இவற்றை நிறுத்த வேண்டுமானால் ஃபில்டர் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க முடியாது என்று முதலில் தெரிய வேண்டும்.

மெயிலை முழுதாக வாங்குவதற்கு முன்பே முதல் சோதனை நடந்துவிடுகிறது. அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1998-இல் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பு இப்படிப்பட்ட பட்டியல்களை வெளியிடுகிறது, உலகம் முழுக்கப் பல சர்வர்கள் அதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கின்றன. பட்டியலில் இருந்தால் 550 என்று தொடங்கும் மறுப்புப் பதிலோடு மெயில் திரும்பிவிடும். உங்கள் ஸ்பேம் ஃபோல்டருக்குக்கூட வராது. நாம் பார்ப்பது இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்த மிச்சம்தான்.

அடுத்தது, அனுப்பியவர் சொல்லும் பெயர் உண்மையா என்ற சோதனை. தபால் உறையின் மேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தில் வேறு பெயரும் இருக்கலாம், மெயிலும் அப்படித்தான். ஒரு டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்-இல் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். மெயிலோடு டிஜிட்டல் கையெழுத்து வைத்து அனுப்புவது டிகிம். நம் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் வரியில் உள்ள டொமைன் இந்த இரண்டில் ஒன்றோடாவது பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் ஸ்பேமில் போடுவதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வது டிமார்க்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் இதைக் கண்டிப்பாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். விளம்பர மெயில் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வைக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு மூன்று சோதனைகளையும் கட்டாயமாக்கியது.

இவ்வளவு இருந்தும் சேல்ஸ் மெயில் ஏன் நுழைகிறது? ஆள் யார் என்பதைத்தான் இந்தச் சோதனைகள் உறுதி செய்கின்றன. உங்களுக்கு அந்த மெயில் வேண்டுமா என்று அவற்றுக்குத் தெரியாது. தொழிலாகவே இதைச் செய்கிறவர்கள் தங்கள் நிறுவனப் பெயரைச் சற்றே மாற்றிப் பல டொமைன்கள் வாங்கி, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட்டிலேயே முறையாகக் கணக்குத் திறக்கிறார்கள். முதல் சில வாரம் தங்களுக்குள்ளேயே மெயில் அனுப்பி, பதிலும் போட்டு நல்ல பெயர் சேர்க்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார்கள். 5,000 என்ற எல்லையை நெருங்குவதே இல்லை.

ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்திப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாமே 'பாஸ்' என்று இருக்கலாம். அதை நல்ல மெயில் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்திட்ட டொமைன் எது என்று மட்டும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் விரல் முக்கியமாகிறது. பலர் செய்வது டெலீட். டெலீட் செய்தால் அனுப்பியவருக்கு எதிராக ஒரு புகாரும் பதிவாகாது. 'பிளாக்' செய்தால் அந்த ஒரு முகவரியிலிருந்து வருவது ஸ்பேமுக்குப் போகும், ஆனால் அடுத்த வாரம் வேறு முகவரியிலிருந்து வருவார்கள். 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துங்கள். அந்த மெயிலின் நகல் கூகுளுக்குப் போகிறது, அனுப்பிய டொமைனின் பெயர் கெடுகிறது. அனுப்புகிறவர்கள் புகார் அளவை 0.1 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். இன்பாக்ஸில் வாங்கிய 1,000 பேரில் 3 பேர் அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. ஒரு அலுவலகத்தில் பத்துப் பேருக்கு ஒரே மெயில் வந்து, பத்துப் பேரும் பேசாமல் டெலீட் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

'அன்சப்ஸ்கிரைப்' எப்போது? நீங்களே சேர்ந்த பட்டியலுக்கு மட்டும். ரயில் டிக்கெட் எடுக்கும்போதோ, பொருள் வாங்கும்போதோ சம்மதம் கொடுத்திருப்பீர்கள். அங்கே போய்ப் புகார் கொடுப்பது நியாயமில்லை, மெயிலின் தலைப்பகுதியில் ஜிமெயில் காட்டும் விலகல் பொத்தானை அழுத்தினால் போதும். முன்பின் தெரியாதவர் மெயிலின் அடியில் வைத்திருக்கும் இணைப்பைத் தொட வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும். "வேண்டாம், நன்றி" என்று பதில் போடுவதும் அப்படித்தான். செட்டிங்ஸில் வெளிப்படங்களை (மெயிலைத் திறக்கும்போது வேறு சர்வரிலிருந்து வரும் படங்களை) காட்டுமுன் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். மெயிலை நீங்கள் திறந்ததை உளவு பார்க்கப் படத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சொந்தமாக ஃபில்டர் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'விலை', 'ஆஃபர்', 'கொட்டேஷன்' போன்ற சொற்களை வைத்து எழுதாதீர்கள், உண்மையான வாடிக்கையாளரின் விசாரணையும் சேர்ந்து போய்விடும். டொமைனை வைத்து எழுதுங்கள். நிறுவனக் கணக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால், அட்மின் கன்சோலில் தடை செய்த அனுப்புநர் பட்டியல் இருக்கிறது. அதில் டொமைனைச் சேர்த்தால் ஊழியர் யாருக்கும் வராது, அனுப்பியவருக்கே திரும்பும். உங்கள் முக்கிய வாடிக்கையாளர்களின் டொமைன்களுக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்ற ஃபில்டரும் போட்டுவையுங்கள்.

தொல்லை தரும் தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதீர்கள்') பதிவு மெயிலுக்குப் பொருந்தாது. அதில் பதிந்துவிட்டோம் என்று இருந்துவிட வேண்டாம்.

கடைசியாக, ஸ்பேம் ஃபோல்டரை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிமெயில் 30 நாளில் அதிலிருப்பதை அழித்துவிடும். புது டீலரின் ஆர்டரோ, வேலைக்கான நேர்காணல் அழைப்போ அங்கே கிடந்தால் 'நாட் ஸ்பேம்' அழுத்தி வெளியே எடுங்கள், முகவரியை கான்டாக்ட்ஸில் சேர்த்துவிட்டு அன்றைக்கே பதில் போட்டுவிடுங்கள்.