ஃபில்லர் ஊசி: அக்கி என்று நினைத்த கொப்புளமும் வேறு சில தவறுகளும்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற சாலையில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. போன ஆவணியில், கல்யாண நெரிசல் நேரம், ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஒரு அம்மா வந்தார். மகள் வண்டியை விட்டு இறங்கவில்லை. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

"அண்ணா, பிள்ளைக்கு மூக்குப் பக்கத்துல அக்கி வந்திருக்கு. ஒரு களிம்பு தாங்க. காலையில அக்கி எழுதக் கூட்டிட்டுப் போகணும்."

காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அதைப் பற்றி வாதம் செய்கிற ஆள் இல்லை நான். ஆனால் பார்க்காமல் களிம்பு எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. துப்பட்டாவை விலக்கச் சொன்னேன். மூக்கின் வலது மடிப்பிலிருந்து மேலுதடு வரை பொடிப் பொடியாகச் சீழ்க் கொப்புளங்கள். சுற்றிலும் தோல் மீன்வலை விரித்தாற்போல் ஊதா கலந்த கருமையில் இருந்தது. "மக்களே, முகத்துல ஊசி ஏதாவது போட்டியா?" என்று கேட்டேன். அவள் முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையாட்டினாள். இரண்டு நாளைக்கு முன்னால், ஒரு பியூட்டி பார்லரில், மூக்கோரக் கோடு மறைய ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஏற்றி நிரப்பும் ஊசி. போட்டது யார்? "ஒரு மேடம்."

அது அக்கி இல்லை. ரத்தக் குழாய் அடைத்து, தோல் சாகத் தொடங்கியிருந்தது.

ஃபில்லர் பற்றி எங்கள் ஊரில் நடக்கிற தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்று எனக்குப் படுகிறது: புருவம் திருத்துவது, ஃபேஷியல் செய்வது போன்ற வரிசையில் இதையும் வைத்துவிடுகிறோம். ஊசி தோலுக்குள் இறங்கினால் அது வைத்தியம். வைத்தியம் என்றால், தவறிப் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும்.

உள்ளே போவது என்ன?

பெரும்பாலான ஃபில்லர்கள் ஹயலூரானிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கிற பொருள்தான் அது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உட்கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். உடலில் இருப்பது சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால், ஃபில்லருக்கென்று அதன் இழைகளை வேதிமுறையில் பிணைத்துக் கெட்டியாக்குகிறார்கள். இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். கன்னக் குழிவை நிரப்ப, உதட்டைக் கொஞ்சம் எடுப்பாக்க, வாயோரக் கோட்டை மறைக்க இதைப் போடுகிறார்கள்.

இதைப் போட்டாக்ஸ் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். போட்டாக்ஸ் தசையைத் தளர்த்துகிற மருந்து. மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும். என் கடையில் விற்கிற ஹயலூரானிக் சீரத்தைக் காட்டி, "இதுவும் அதுதானே அண்ணா, இதை உள்ளே ஏத்திக்கலாமா?" என்று கேட்டவரும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றாகிவிடாது. சீரம் தோலின் மேல் பூச மட்டுமே.

எல்லா ஃபில்லரும் ஹயலூரானிக் கிடையாது. கால்சியம் கலந்தது உண்டு, பாலிலாக்டிக் அமிலம் உண்டு, கரையவே கரையாத பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகையும் உண்டு. இந்த வித்தியாசம் போடுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஹயலூரானிக் வகையைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. மற்றவற்றுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. முதல் தடவை போட்டுக்கொள்கிறவர் கரைக்க முடியாத வகையைத் தேர்ந்தெடுப்பது என் பார்வையில் வீண் துணிச்சல். "நிரந்தரமா நிக்கும், காசு மிச்சம்" என்று சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். திரவ சிலிகோன் என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் வந்துவிடுங்கள். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற மருத்துவர் பெட்ரோலியம் ஜெல்லியை (வாசலின்) உடலுக்குள் ஏற்றிக் காட்டினார். அதைப் பின்பற்றியவர்களின் முகங்களில் பின்னாளில் கட்டி கட்டியாகப் புடைத்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் நூறு வருடத்துக்கு மேலான கெட்ட பெயர் இருக்கிறது.

ரத்தக் குழாய் அடைத்தால்

ஃபில்லர் போட்டால் வீக்கம் வரும், கன்றிப் போகும், தொட்டால் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். எல்லோரும் இதைச் சொல்லியே அனுப்புகிறார்கள். அதனால் வருகிற எல்லாவற்றையும் சாதாரணம் என்று நினைத்துக் காத்திருப்பதுதான் பெரிய தவறாகிவிடுகிறது.

ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ, வெளியிலிருந்து குழாயை நெரித்தாலோ அந்தப் பகுதித் தோலுக்கு ரத்தம் போகாது. முதலில் வெளுக்கும். நம் மாநிறத் தோலில் அந்த வெளுப்பு சட்டென்று கண்ணுக்குப் படாது, அதனால் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் வலை போன்ற ஊதாக் கோடுகள் வரும். தோல் சில்லென்று இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் இரண்டு விநாடியில் திரும்ப வேண்டும், தாமதித்தால் சந்தேகம்தான். கடுமையான வலி இருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் பல ஃபில்லர்களில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தையும் கலந்திருப்பதால், முதல் சில மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். ஓரிரு நாளில் சீழ்க் கொப்புளம். இந்தக் கட்டத்தில்தான் அக்கி என்று நினைத்து, அந்த அம்மாவைப் போலக் களிம்பு வாங்க வருகிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய இடங்களில் உள்ள தமனிகளுக்குக் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்பு இருக்கிறது. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டு, விழித்திரைக் குழாயை அடைத்தால் பார்வை போய்விடும். விழித்திரை ரத்தமில்லாமல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். போன பார்வை திரும்புவது அபூர்வம். இது அரிதாக நடப்பதுதான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் என்பதை எங்கள் ஊர் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பாலராமபுரம் ஜங்ஷனில் மாட்டினால் பாதி நேரம் அங்கேயே கரைந்துவிடும். ஊசி போட்டபோதோ, போட்டு வீடு திரும்பும் வழியிலோ கண் மங்கினால், கண்ணில் வலி வந்தால், இமை தொங்கினால், பேச்சு குழறினால், வீட்டுக்கு வந்து படுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. கண் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை எது அருகிலோ அங்கே நேராகப் போக வேண்டும்.

அதனால் விலை கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "ஹயலூரானிடேஸ் உங்கள் கையில் இருக்கிறதா?" மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இது கிடைக்காத மருந்து இல்லை. கண் ஆபரேஷனில் மரப்பு ஊசியோடு சேர்த்துப் போடுவது இதைத்தான். 1500 யூனிட் குப்பியில் பொடியாக வரும், சலைனில் கரைத்துப் போடுவார்கள். குழாய் அடைப்புக்கு ஒரு குப்பி போதாது; மணிக்கொரு தடவை திரும்பத் திரும்பப் போட வேண்டி வரலாம். அதனால் "வேணும்னா வரவழைச்சுக்கலாம்" என்பது பதிலே கிடையாது. அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மார்த்தாண்டம் தேன் ஊரறிந்தது. வீட்டு விளையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். தேனீ விஷத்திலும் ஹயலூரானிடேஸ் இருக்கிறது. கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான், அது கணக்கில்லை. கொட்டினால் உடம்பு முழுக்கத் தடித்தோ, தொண்டை அடைத்தோ, மூச்சு முட்டியோ போனவர்கள் அதை ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். காப்பாற்ற வேண்டிய மருந்தே அவர்களுக்கு ஒவ்வாமையைக் கிளப்பலாம்.

யார் கை, எந்த அறை?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஹோட்டல் அறையிலோ பார்லரின் பின்னறையிலோ போட்டுவிட்டுப் போகிறவர்கள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அங்குள்ளவர் இங்கே வருவார், இங்குள்ளவர் அங்கே போவார். திங்கட்கிழமை முகம் கறுத்தால் யாரைத் தேடுவது? தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டாலஜி சர்ட்டிபிகேட்" என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படிப்பு ஆகாது. மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், கேரளம் என்றால் அந்த மாநிலக் கவுன்சிலிலும் சரிபார்க்கலாம். கிளினிக்குக்கும் தனிப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்புறம் ஒப்புதல் படிவம். எங்களில் பலருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த இடத்தில் என்பதாவது அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு சிரிஞ்சில் 1 மில்லிதான் இருக்கும். ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் இரண்டு தோழிகள் பங்கு போட்டுக்கொள்வது உண்டு. மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த தடவைக்கு எடுப்பதும் உண்டு. எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் நட்பு பார்ப்பதில்லை. பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஏற்றும் 'ஹயலூரான் பேனா' ஆன்லைனில் விற்கிறது. உதட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் எச்சரித்திருக்கிறது. ஆன்லைனில் ஃபில்லர் வாங்கி, வீடியோ பார்த்துத் தானே போட்டுக்கொள்கிறவர்களிடம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

நாள் குறித்தபின் நினைவு வந்தால்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு போடுவது சரியாக வராது. வீக்கம் வடிந்து, டாக்டர் இன்னொரு தடவை பார்த்து, ஏற்றத்தாழ்வு இருந்தால் சரிசெய்ய மூன்று நான்கு வாரம் வேண்டும். பல் வேலை இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவி ஃபில்லரில் தங்கலாம். உதட்டில் அடிக்கடி நிஜமான அக்கிக் கொப்புளம் வருகிறவர்கள் அதைச் சொன்னால் முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப் போடுவது நல்லது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, இபுப்ரோஃபென் எல்லாம் கன்றலைக் கூட்டும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் ஜிம், ஆவி பிடித்தல் வேண்டாம். அந்த இடத்தைத் தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம்.

அந்தப் பெண்ணை அன்றைக்கே திருவனந்தபுரம் அனுப்பினேன். மூக்கோரத்தில் ஒரு சின்னத் தழும்போடு தப்பினாள். ராத்திரி அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஃபில்லர்?" என்பதுதானாம். சிரிஞ்சுப் பெட்டிக்குள் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்து நோயாளியின் கையில் கொடுப்பது வழக்கம். பார்லருக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. அம்மா மகளின் கைப்பையை மேசையில் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். மணப்பெண் மேக்கப்புக்குச் சலுகை என்று அச்சடித்த ஒரு விசிட்டிங் கார்டுதான் கிடைத்தது.