பாதத்தைக் காக்கும் பைபாஸும் திசு மாற்றமும்: நோயாளியும் உடனிருப்பவரும் செய்ய வேண்டியவை

சர்க்கரை நோயாலோ நெடுநாள் புகைப்பழக்கத்தாலோ காலின் தமனிகள் அடைபட்டு, பாதப் புண் எலும்பும் தசைநாணும் தெரியும் அளவுக்கு ஆழ்ந்துவிட்டால், மருந்துக் கட்டு மட்டும் அதை ஆற்றாது. முதலில் அடைப்பைத் தாண்டி ரத்தம் வர மாற்றுப்பாதை (பைபாஸ்) அமைக்க வேண்டும், பிறகு உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த திசுவை வைத்துப் புண்ணை மூட வேண்டும். ரத்த ஓட்டத்தைச் சீராக்காமல் புண்ணை மூடினால் வைத்த திசு அழுகும். ஓட்டம் சீரான பின்னும் எலும்பைத் திறந்தே விட்டால் தொற்று உள்ளே இறங்கும்.

எனவே பாதத்தை வெட்டி எடுப்பது குறித்து முடிவெடுக்கும் முன், ரத்த ஓட்டம் முறையாக அளக்கப்பட்டதா என்று கேளுங்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் 0.9க்குக் கீழான விகிதம் அடைப்பைக் காட்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியிருப்பதால், ஓட்டம் மோசமாக இருக்கும்போதே இந்த எண் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். அதனால் கால்விரல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது கடினம். எந்தத் தமனியில் பைபாஸை இணைப்பது என்பதை ரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம் காட்டும். அதற்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாற்றுப்பாதைக்கு மிகச் சிறந்த குழாய் நோயாளியின் சொந்தச் சிரைதான். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் குழாய்கள் எளிதில் அடைத்துக்கொள்ளும். கணுக்காலிலிருந்து தொடைவரை உட்புறமாக ஓடும் நீண்ட சிரையை ஸ்கேனில் அளந்து, ஏறத்தாழ 3 மி.மீ. அகலமாவது இருக்கிறதா என்று பார்த்து, தோலின் மேல் பேனாவால் கோடிட்டு வைப்பார்கள். சிரையின் வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுபவை என்பதால், அதைத் தலைகீழாக்கித் தைப்பார்கள், அல்லது இருந்த இடத்திலேயே வைத்து வால்வுகளை வெட்டிவிடுவார்கள்.

சீழையும் செத்த திசுவையும் அகற்றிய பிறகு, தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்த தசை அல்லது தோல் மடலை, அதாவது தன் ரத்தக் குழாய்களோடு எடுத்த திசுத் துண்டை, புண்ணில் பொருத்தி, அதன் நுண்ணிய குழாய்களைக் காலின் ரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைப்பார்கள். இதை அதே நாளிலும் செய்யலாம், சில நாள் கழித்தும் செய்யலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு நாட்கள் மிக முக்கியமானவை. செவிலியர் மடலை விரலால் மெல்ல அழுத்தி எடுக்கும்போது, வெளுத்த இடம் இரண்டு வினாடியளவில் மீண்டும் சிவக்க வேண்டும். மடல் வெளுத்துக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. ஊதா நிறமாக வீங்கி, அழுத்திய இடம் சட்டென நிறம் திரும்பினால் ரத்தம் வெளியேறவில்லை. இரண்டையும் விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். நீங்களாக அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டாம். கட்டை இறுக்கவும் வேண்டாம்.

காலைத் தொங்கவிடுவதும் ஊன்றுவதும் மருத்துவர் சொன்ன பிறகுதான். முதலில் சில நிமிடங்கள், பிறகு மெல்லக் கூட்டுவார்கள். ஒரு சிகரெட்கூட வேண்டாம், நிகோடின் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மடலில் உணர்ச்சி இருக்காது என்பதால் தினமும் கண்ணால் பாருங்கள். அளவெடுத்துச் செய்த காலணியையே அணியுங்கள்.

சிரை பைபாஸ் குறுகுவது பெரும்பாலும் முதல் ஆண்டில்தான் என்பதால், வலி இல்லாவிட்டாலும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குக் குறித்த நாளில் போய்விடுங்கள். கால் திடீரெனக் குளிர்ந்து வலித்தால், அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.