கை ஓங்காமல் பிள்ளையைத் திருத்துவது எப்படி?

அடி வாங்கிய பிள்ளை அந்த நிமிடம் அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அடி பலிக்கிறது என்று நம்புகிறோம். கண்ணாடி டம்ளரை உடைத்ததற்கு அறை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை சில்லுகளைப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளும். ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் சுமார் 1,60,000 பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். புட்டத்தில் கையால் அடிப்பதுகூட முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு விரிசல் ஆகியவற்றோடு சேர்ந்தே காணப்பட்டது.

முதல் வேலை, பிரம்பையும் அடிக்க எடுக்கும் ஸ்கேலையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது. தாத்தா பாட்டியிடமும் பேசி முடிவெடுங்கள். அம்மா விட்டதை அப்பா அடித்துத் தீர்த்தால் பயனில்லை. முட்டி போட வைப்பது, தோப்புக்கரணம், வெயிலில் நிறுத்துவது எல்லாம் அடியின் கணக்கில்தான் வரும்.

கோபம் தலைக்கேறும்போது, "எனக்கு இப்போ கோபமா இருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கைக்குழந்தையோ நடக்கப் பழகும் பிள்ளையோ என்றால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி பக்கம் இல்லாத இடத்தில் விட்டுவிட்டு நகருங்கள்.

அடுக்களையிலிருந்து கத்துவதை விடுங்கள். அருகில் போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "புத்தகத்தைப் பைக்குள்ள வை." பத்து விநாடி பொறுங்கள். செய்தால் உடனே, செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

தவறு செய்தால் பிள்ளை சந்திக்கும் விளைவு, அந்தத் தவறோடு ஒட்டியதாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். செல்போனை 20 நிமிடம் கூடுதலாகப் பார்த்தால் மறுநாள் 20 நிமிடம் குறையும். தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்துத் துடைக்கும். "ஒரு மாசத்துக்கு போன் கிடையாது" என்று சொன்னால் மூன்றாம் நாளே நீங்களே கொடுத்துவிடுவீர்கள். அதன்பின் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

பலர் கைவிடுவது தொடக்க வாரங்களில்தான். இதுவரை அடிக்குப் பயந்த பிள்ளை, எல்லை எங்கே என்று சோதிக்கும், அடம் கூடும். அப்போது ஒரு முறை அடித்துவிட்டால், அடி விழும் அளவுக்கு முற்றினால்தான் இவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அதற்குப் பதிந்துவிடும். இன்னொரு சறுக்கல், கையை நிறுத்திவிட்டு நாக்கை அவிழ்த்துவிடுவது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்பதும் காயம்தான்.

மீறி அடித்துவிட்டால், "உன்னை அடிச்சது தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனா நீதான்..." என்று தொடங்காதீர்கள்.

பள்ளியில் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று சொல்லும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆசிரியர் அடித்தால் தலைமையாசிரியரிடம் தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள்; காயம் இருந்தால் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவையுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் உண்டு.